பதினொரு சிலந்தியும் ஒரு காணாக்கடியும்

காலை ஏழே முக்கால் மணி, ஊறுகாய் பாட்டிலுக்குள் பதினொரு சிலந்திகள், பாட்டிலைப் பிடித்திருந்தவர் பெயர் அர்த்தநாரி. தாலுகா நிருபர் வேலை பார்ப்பவன் வீட்டு வாசலுக்குக் காலையில் மனு வரும், மிரட்டல் வரும், கல்யாணப் பத்திரிகை வரும். என் வாசலுக்கு மட்டும் ஒன்பது வருடமாகச் சிலந்தியும் வருகிறது.

போன ஆண்டு அக்டோபர் மாதம் அது. அர்த்தநாரிக்கு மல்லசமுத்திரம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. சொந்த டிராக்டரைத் தானே ஓட்டுகிறவர். வலது காலில் செருப்பு இருந்தது, இடது காலில் இல்லை. இடது பெருவிரலைச் சுற்றித் துணி கட்டியிருந்தார். புண் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது, ஆறவில்லை என்றார். மோட்டார் ரூமில் ஏதோ கடித்திருக்க வேண்டும், எது என்று பார்க்கவில்லை, விஷம் இறக்குகிறவரிடம் போய் மந்திரித்துக்கொண்டு உப்பு புளி இல்லாமல் பத்தியம் இருக்கிறார். அந்தப் பெரியவர், இது சிலந்திதான், எந்தச் சிலந்தி என்று தெரிந்தால் அதற்கேற்ற பச்சிலை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால் மோட்டார் ரூமை அலசி, இருந்ததையெல்லாம் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

உங்களையும் என்றைக்காவது ஏதோ கடித்திருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் தடித்திருக்கும், அரிக்கும், கடித்தது எதுவென்று தெரியாது. நம் பக்கத்தில் அதற்குக் காணாக்கடி என்று பெயர். கடித்ததைக் காணாத வரை அது எதுவாகவும் இருக்கலாம் என்பதுதான் அதில் உள்ள பயம். அந்த வகையில் இதைப் படிக்கிற எல்லோரும் என்னோடு சேர்ந்து சொறிந்தவர்கள்தான். அர்த்தநாரிக்கு அவசரம் இருந்தது. புண் இருந்த கால், கிளட்ச் மிதிக்கிற கால். இன்னும் இரண்டு மாதத்தில் கிழங்கு பிடுங்கியாக வேண்டும். பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இதுல எதுன்னு மட்டும் காட்டிப் போடுங்க. மிச்சத்தக் கொண்டுபோயி எடுத்த எடத்துலயே உட்டுப்போடறேன்."

ஓர் அடைமொழி சேர்ந்த கதை

ஏன் என்னிடம் வந்தார் என்று சொல்ல ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும். ஜவ்வரிசி ஆலையில் வேலை செய்யும் ஒரு பெண்ணைச் சிலந்தி கடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாக அங்கே வேலை பார்க்கும் ஒருவர் போனில் சொன்னார். மணி மாலை ஐந்தரை. ஆறு மணிக்குப் பக்கம் முடிகிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. 'ஆலைத் தொழிலாளியைச் சிலந்தி கடித்தது' என்று தலைப்பிட்டு ஆறு வரி அனுப்பினேன். யாராக இருந்தாலும் கடிபட்டவர் வலியால் துடிப்பதுதான் எங்கள் வழக்கம் என்பதால், 'கடும் வலியால் துடித்தார்' என்று நானே ஒரு வரி போட்டேன்.

மறுநாள் காலை பத்திரிகையில் 'கொடிய விஷச் சிலந்தி கடித்து பெண் கவலைக்கிடம்' என்று வந்திருந்தது. பெண் நான்காம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் காலில் இருந்தது தோலுக்கடியில் சீழ் பிடித்த வீக்கம், சிலந்தி அந்தப் பக்கமே வரவில்லை என்று டாக்டர் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதை நான் எழுதவில்லை. எங்கள் பத்திரிகையைப் பொறுத்தவரை அவர் இன்னும் கவலைக்கிடமாகத்தான் இருக்கிறார். அந்தத் துண்டுச் செய்தியை யாரோ படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், மழைக்காலம் வந்தால் வாட்ஸ்அப்பில் தவறாமல் வலம் வருகிறது. தலைப்பை மாற்றியவர் மாவட்டப் பக்கம் பார்க்கும் உதவி ஆசிரியர். அன்றைக்கே போன் செய்து கேட்டேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "சிலந்தி கடிச்சா அது வீட்டு விஷயம் சார். விஷச் சிலந்தி கடிச்சாத்தான் மாவட்டச் செய்தி."

கழுத்தில் ஒரு கோடு

செய்தி வந்த அடுத்த மழைக்காலத்தில் நாமக்கல் போகிற வழியில் ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஏழு பேருக்குக் கழுத்திலும் கையிலும் சூடு போட்டது போல நீளநீளமாகக் கொப்புளம். ஒருவருக்கு முழங்கை மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே அச்சில் இருந்தது. எல்லோரும் காலையில் எழுந்துதான் பார்த்திருக்கிறார்கள். சிலந்தி ராத்திரியில் ஊர்ந்து போன தடம் என்று முடிவு செய்து, ஒட்டடை முழுவதையும் அடித்து இறக்கி, சாம்பிராணியும் போட்டாகிவிட்டது. நான் கேமராவோடு போனபோது, பக்கத்தில் மருத்துவ முகாமுக்கு வந்திருந்த அரசு டாக்டரும் வந்தார். பெயர் மலர்விழி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். அன்று தொடங்கி நான் தொந்தரவு செய்துவரும் ஆள் அவர்தான்.

அவர் கொப்புளத்தை விட்டுவிட்டு, தலைக்கு மேல் இருந்த விளக்கைப் பார்த்தார். அதன் கீழே தரையில் குனிந்து தேடி, எறும்பைவிடச் சற்று நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் பட்டையாக மாறிமாறி வரும் ஒரு சின்ன வண்டை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். வெளிச்சத்துக்கு வருகிற வண்டு, கடிக்காது, கொட்டாது, ஆனால் நசுக்கினால் அதன் சாறு தோலைப் பொசுக்கும் என்றார். தூக்கத்தில் தட்டித் தேய்த்த கை எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் கோடு. சிலந்தியால் இப்படிக் கோடு போட முடியாது, அதன் பல் இறங்குவது ஓரிடத்தில்தான், பெரும்பாலான சிலந்திகளின் பல் நம் தோலைத் துளைக்கவே துளைக்காது என்பதையும் அங்கேயே நின்று விளக்கினார். விஷம் இல்லாத சிலந்தி அபூர்வம்தான், ஆனால் அது ஒரு கரப்பான்பூச்சியைப் படுக்க வைக்க அளந்து வைத்திருக்கிற மருந்து, அறுபது கிலோ ஆளுக்கு எந்த மூலைக்கு என்றார்.

பட்டறை முதலாளி உடனே சாக்பீஸ் எடுத்துத் தகரத்தில் எழுதினார்: மேலே எது உட்கார்ந்தாலும் அடிக்காதே, ஊது. எல்லோரும் படித்தார்கள். வெல்டர் ஒருவர் இரண்டாம் தடவையும் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, பின்னங்கழுத்துல உக்காந்துதுன்னா யாருங்க ஊதறது?"

தறி நின்ற அரைமணி

ஜலகண்டாபுரத்தில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் 'வெளிநாட்டு விஷச் சிலந்தி' இறங்கியிருப்பதாக ஒரு நண்பர் சொல்லி, நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போனேன். உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, வயிற்றோடு வெள்ளைக் காசு போல ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் நின்றது. நம் எல்லார் வீட்டிலும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிற அதேதான். வெளிநாடு போய்விட்டு வந்ததற்கான அடையாளம் எதுவும் அதனிடம் இல்லை. ஆனாலும் ஆறு தறி நின்றிருந்தது, செல்போன்கள் உயர்ந்திருந்தன.

அங்கே தறி ஓட்டுகிற காவேரி என்ற பெண்ணுக்கு மட்டும் பொறுமை போய்விட்டது. போன வருடம் துணி மடிக்கும்போது தன்னை இது கடித்திருக்கிறது என்றார். எப்படி இருந்தது என்று நோட்டை எடுத்தேன். கட்டெறும்பு கடித்த மாதிரி சுருக்கென்றது, வீங்கியது, சாயங்காலம் பார்த்தால் காணோம், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்றார். நான் இன்னும் ஏதாவது, மயக்கம், வாந்தி என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். காவேரி ஒரு முறத்தில் சிலந்தியை ஏந்தி வெளியே கொண்டுபோய்க்கொண்டே சொன்னார்: "அது முட்டையத் தூக்கிட்டு எடம் தேடுது, நீங்க நோட்டத் தூக்கிட்டு செய்தி தேடறீங்க. ரெண்டு பேரும் நவுந்தீங்கன்னா நான் தறி ஓட்டுவேன்."

ஒரு கால் மட்டும் வியர்த்தது

இவ்வளவையும் பார்த்தபின் சிலந்தி என்றாலே சிரித்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தேன். அதைக் கலைத்தவர் சக்திவேல். திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர், வெளி மாநிலத்தில் எட்டு மாதம் போர்வெல் போட்டுவிட்டு வந்து ஓய்வில் இருந்தவர். உள்ளூரில் ஒரு வேலைக்கு அவசரமாகக் கூப்பிட, ஷெட்டில் கிடந்த ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். கணுக்காலில் முள் குத்தியது போல இருந்ததாம், கவனிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தொடை இழுத்தது, இடுப்பு இழுத்தது, பிறகு வயிறு பலகை போல இறுகிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வயிற்றைத் தொட்டுப் பார்த்தவர்கள் குடலில்தான் கோளாறு என்று ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் மலர்விழி படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். வலது காலுக்கு அடியில் மட்டும் விரிப்பு நனைந்திருந்தது. இடது கால் உலர்ந்து கிடக்கிறது, வலது கால் முழங்காலுக்குக் கீழே குளித்தது போல வியர்க்கிறது. ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டு, பூட்ஸைக் கொண்டுவரச் சொன்னார். உதறியதில் கோலிக்குண்டு போன்ற கரிய வயிறோடு ஒரு சிலந்தி விழுந்தது. புரட்டினால் அடிவயிற்றில் சிவப்பாக ஒரு பொட்டு, அச்சாக உடுக்கை வடிவம்.

வியர்வைக்கும் சிலந்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். டாக்டருக்கு அதைச் சொல்லப் பிடித்திருந்தது, சக்திவேலுக்கு ஊசி போட்டு வலி அடங்கியபின் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார். நரம்பு முனை ஒவ்வொன்றிலும் தசைக்கும் வியர்வைச் சுரப்பிக்கும் உத்தரவு கொண்டுபோகிற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேக்கி வைத்திருக்கிறது. தேவைப்படும்போது துளி துளியாக வெளியே விடும். இந்த ரகத்தின் விஷம் அங்கே போய் எல்லா மதகையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறது. சுருங்கு என்ற உத்தரவு நிற்காமல் போவதால் தசை இறுகுகிறது, சுரப்பி ஓயாமல் வியர்க்கிறது, வலி என்ற செய்தி மூளைக்கு வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. ஏரி காலியானபின் தானாக அடங்கும், இரண்டு மூன்று நாள் ஆகும். பாம்புக்குப் போடுகிற விஷமுறிவு மருந்து இதற்கு ஆகாது. வலியைக் குறைத்து, தசையைத் தளர்த்தி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். தோலையும் தசையையும் அழுக வைக்கிற இன்னொரு ரகமும் உண்டு, ஆனால் தன் சர்வீஸில் சந்தேகமில்லாமல் அதுதான் என்று சொல்லும்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்றும் சொன்னார். சிலந்திக்கடி என்று வந்த புண்களில் பாதிக்கு வேறு பெயர் இருந்தது என்றார்.

மூன்றாம் நாள் சக்திவேலைப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை அவர் தொழில் வழியாகத்தான் பார்த்திருந்தார்: "ஆயரம் அடி ஓட்டியும் சொட்டுத் தண்ணி வராத ஊருங்க இது. என்ற காலு ஒண்ணு மட்டும் ஊத்தாட்டம் வந்துது பாருங்க."

பன்னிரண்டாவது நபர்

இப்போது பாட்டிலுக்கு வருவோம். அர்த்தநாரியின் பதினொன்றையும் படம் எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிட்டால் என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். வெள்ளைத் தட்டில் கொட்டுவதற்காக மூடியைத் திருகினேன். மூடியின் மரைக்குள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. இடது மோதிர விரலால் அதை அழுத்திவிட்டேன். ஊசி முனை பட்டது போல ஒரு சுருக், அவ்வளவுதான். மூடியைப் புரட்டினால் பழுப்பு நிறத்தில், சக்திவேலின் சிலந்திக்குச் சித்தப்பா பெண் போல ஒன்று. அடிவயிற்றில் ஆரஞ்சு நிற உடுக்கை. கூடவே நெருஞ்சிமுள் போல முள் வைத்த ஒரு முட்டைக் கூடு. மணி எட்டு இருபது.

டாக்டருக்குப் போன் செய்தேன். அது பழுப்பு ரகம், கறுப்பின் உறவு, அவ்வளவு மோசமில்லை, அழுத்தினாலொழியக் கடிக்காது, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பாருங்கள், வயிறு இறுகினாலோ மூச்சு முட்டினாலோ உடனே வாருங்கள் என்றார். பார்ப்பது என்றால் எனக்கு எழுதுவது. அர்த்தநாரி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, நோட்டை எடுத்து நேரம் போட்டேன். எட்டு முப்பத்தைந்து: கடித்த இடத்தைச் சுற்றிப் பத்துப் பைசா அகலத்துக்கு வெளுத்திருக்கிறது. விரலின் மேல் ரோமம் குத்திட்டு நிற்கிறது, மற்ற விரல்களில் இல்லை. எட்டு ஐம்பது: விரலில் மட்டும் வியர்வை மணிமணியாக. துடைத்தால் மீண்டும் வருகிறது. ஒன்பது ஐந்து: வலி மணிக்கட்டைத் தாண்டிவிட்டது. ஒன்பது இருபது: முழங்கை. பல்வலி கைக்குக் குடிவந்தது போல் இருக்கிறது. ஒன்பது நாற்பது: அக்குளில் நெறி கட்டியது போல இழுக்கிறது.

உண்மையைச் சொன்னால், வலியைவிட ஆச்சரியம் அதிகமாக இருந்தது. கடுகு அளவில் பாதி கூட இருக்காது அது உள்ளே விட்டது. அது என் கை நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போவதை வரைபடத்தில் பார்ப்பது போல உணர முடிந்தது. ஒன்பது வருடம் எழுதிய விஷயத்தை முதல் தடவையாக நேரில் பார்க்கிறேன், வரிக்கு வரி உண்மை, ஒரு சொல் கூட்ட வேண்டியதில்லை. அடுத்த நேரத்தைக் குறிக்கப் போகும்போது என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றார். வியர்த்த விரலையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எந்தப் பக்கத்துல போடறதுன்னு அப்பறம் யோசிக்கலாமுங்க. மொதல்ல பேனாவக் கீழ வைங்க."

ஏறாத வலி

பேனாவைக் கீழே வைத்தபின்தான் எனக்கு எதிரில் இருந்தவரின் கால் கண்ணில் பட்டது. என்னைக் கடித்தது அவருடைய மோட்டார் ரூம் சிலந்தி. அவரையும் அதுதான் கடித்திருக்கும் என்றால், நான் இப்போது படுகிற பாட்டை அவர் இருபத்திரண்டு நாளுக்கு முன்னால் பட்டிருக்க வேண்டும். எனக்கு இன்னும் புண் இல்லை, வலிதான் இருக்கிறது. அவருக்குப் புண் இருக்கிறது. வலி எங்கே வரை ஏறியது என்று கேட்டேன். முட்டி வரைக்கும் ஏறியது என்றார், தயங்காமல். எத்தனை நேரத்தில் என்றேன். யோசித்தார். வியர்த்ததா என்றேன். அதற்கும் யோசித்தார். இடது செருப்பு எங்கே என்றேன். அதற்கு மட்டும் யோசிக்காமல், வருகிற வழியில் எங்கேயோ கழன்றிருக்கும், கீழே பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்த வருடத்தில் இது மூன்றாவது ஜோடி என்றார்.

எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் சாட்சி பொய் சொல்கிறாரா என்று பார்ப்பது என் தொழில். கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னேன். விரலின் அடியில் எட்டணா அகலத்துக்குக் குழி, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. அந்த நிலையில் நானாக இருந்தால் தரையில் கால் வைத்திருக்க மாட்டேன். அவர் அந்தக் காலால்தான் பேருந்து நிறுத்தத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வந்திருந்தார். அர்த்தநாரிண்ணா, நெசமாலுமே வலிச்சுதா என்று மறுபடி கேட்டேன். அவர் என் மனைவி உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"வலி ஏறுச்சுன்னு சொன்னாத்தானுங்க விஷம் எறக்குவாங்க. நெசத்துக்கு ஒண்ணுமே தெரியிலீங்க. கடும் வலியில துடிப்பாங்கன்னு பேப்பர்ல போட்டிருந்துச்சு, நான் அதத்தான் சொன்னேன்."

தட்டில் விழுந்தது

அந்த வரியை நான் எந்த நாற்காலியில் உட்கார்ந்து, யாரைப் பார்க்காமல் எழுதினேன் என்பது எனக்குத் தெரியும். வாடகைக் கார் பிடித்து இருவரும் ஒன்றாகவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் விரலை டாக்டர் மலர்விழி ஒரு பார்வை பார்த்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அர்த்தநாரியைப் படுக்க வைத்தார். கண்ணை மூடச் சொல்லி, தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொடும்போதெல்லாம் சொல்லுங்கள் என்றார். அர்த்தநாரி வாயே திறக்கவில்லை. எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று அவர் கேட்டபோது டாக்டர் பத்து இடத்தில் தொட்டு முடித்திருந்தார். விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் சோதித்த கருவி எண்ணைக் காட்டவில்லை, அதன் அளவுக்கு மேல் போய்விட்டது என்று மட்டும் காட்டியது. சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியாது. எத்தனை வருடமாக இருந்ததோ, அது பாதத்து நரம்புகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுப் போயிருந்தது.

சிலந்தி விஷம் நரம்பைச் சத்தம் போட வைக்கும், இது நரம்பின் வாயை மூடிவிடும், கொடுமை எது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைப் பார்க்காமலே சொன்னார். பிறகு புண்ணைக் கழுவி, இடுக்கியை உள்ளே விட்டு எதையோ பிடித்து இழுத்தார். எஃகுத் தட்டில் டங்கென்று விழுந்தது. முக்கால் அங்குல நீளத்துக்குச் சீமைக்கருவேல முள், கறுத்து ஊறிப்போய். மோட்டார் ரூமுக்குப் போகிற வரப்பில் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். பெருவிரல் போகும், இன்னும் பத்து நாள் பத்தியத்தில் இருந்திருந்தால் பாதம் போயிருக்கும், இப்போது பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார். அர்த்தநாரி முழங்கையை ஊன்றி எழுந்து தட்டை எட்டிப் பார்த்தார்.

"இத்தன பெரிய முள்ளு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம உள்ள போயிருக்குது பாருங்க."

கவலைக்கிடத்தில் ஒரு பெண்

அடுத்த வாரம் இரண்டு செய்தி எழுதி அனுப்பினேன். வலிக்காத புண்ணுக்குச் சிலந்தியைத் தேடாமல் சர்க்கரையைப் பாருங்கள் என்று ஒன்று. ஒன்பது வருடத்துக்கு முன் சேர்க்கப்பட்ட ஆலைத் தொழிலாளியைச் சிலந்தி கடிக்கவில்லை, நான்காம் நாளே நலமாக வீடு திரும்பினார் என்று இன்னொன்று. அந்தப் பெண்ணை இதற்காகவே தேடிப் போய்ப் பார்த்தேன். அதே ஆலையில்தான் இருக்கிறார். தன்னைப் பற்றிய படம் வருடா வருடம் தன் போனுக்கே வருகிறது, இந்தப் பொம்பள பாவம் என்று தானும் ஒருமுறை நாலு பேருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அவர் பெயர் அதில் இல்லை, அதனால் அது தான்தான் என்று வெகுநாள் தெரியவில்லையாம்.

முதல் செய்தி வந்தது. இரண்டாவது வரவில்லை. உதவி ஆசிரியருக்குப் போன் செய்தேன். இப்போது அவர் மாவட்டப் பக்கம் முழுவதற்கும் பொறுப்பாளர், குரலில் அதே அமைதி: "ஒம்பது வருஷமா யாரும் கேக்கல சார். இப்பப் போயி அவங்க டிஸ்சார்ஜ்னு போட்டா, இத்தன நாளு எந்த வார்டுல இருந்தாங்கன்னு கேப்பாங்க."

என் விரலில் இறங்கிய விஷம் மூன்றாம் நாள் காலையில் போய்விட்டது, எங்கள் பத்திரிகை ஏற்றியது மட்டும் ஒவ்வொரு மழைக்கும் புதிதாக ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி, இடது காலில் நான்கு விரல்களோடும், குதிகாலில் வார் வைத்த இரண்டு செருப்புகளோடும், அர்த்தநாரி தன் டிராக்டரைத் தானே ஓட்டிவந்து ஜவ்வரிசி ஆலையில் முதல் லோடு கிழங்கை இறக்கினார்.